மடை பார்க்கிறவர் சம்பளம்

பொதுப்பணித் துறையில் பணி ஆய்வாளர் என்று ஒரு பதவி உண்டு. பெயரைப் பார்த்துப் பெரிதாக எண்ண வேண்டாம். உதவிப் பொறியாளருக்குக் கீழே, துறையின் கடைநிலை ஊழியரான லஸ்கருக்கு மேலே. பொறியாளர் அளவு எடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். சிமெண்ட் எத்தனை மூட்டை இறங்கியது, மண் எங்கே வெட்டி எங்கே கொட்டினார்கள், கல்பாவு எத்தனை மீட்டர் போனது என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் எம்-புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில் ஏறும். ஏற வேண்டும். 1986இல் அந்த வேலையில் சேர்ந்தேன், 2019இல் ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் ஆய்க்குடி. நடுவில் வந்த மாற்றல்களைக் கழித்துவிட்டால், நான் பார்த்த வேலையெல்லாம் சிற்றாறும் அனுமன் நதியும் நிரப்பும் குளங்களில்தான்.

வெளியூர்க்காரர்கள் குளம் என்றால் ஒரு பொருள் என்று நினைக்கிறார்கள். காகிதத்தில் அது ஏழெட்டுப் பொருள். அடிநிலம் வருவாய்த் துறைக்கு. கரை, மடை, மிகைநீர் வழியும் மறுகால் எல்லாம் பொதுப்பணித் துறைக்கு. 2021 முதல் அது நீர்வளத் துறை. ஆயக்கட்டு, அதாவது குளம் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்தால் அந்தக் குளம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். உள்ளே நீந்தும் மீன் குத்தகைக்காரருக்கு. குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல் 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை நட்டது. மரம் ஏலம் போனால் பணத்தில் அவர்களுக்கும் பங்கு. அடியில் கிடக்கும் வண்டல், சிறுகனிம விதிகளின்படி கனிமம். கொக்கும் நாரையும் இறங்கினால் மறுபடியும் வனத்துறை. கரைமேல் தார் போட்டால் அதற்கு இன்னொரு துறை. வயல் மட்டும்தான் விவசாயிக்குச் சொந்தம்.

இத்தனை பேருக்குச் சொந்தமான குளத்தில், ஐப்பசி மழை கொட்டும் நடு இரவில் கரையில் நிற்பது யார்? முப்பது வருடத்துக்கு மேல் நான் பார்த்த திட்டங்களையெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, ஆனி, ஆடியில் சாரலாக இறங்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது அருவி. எங்களுக்கு அது கார் சாகுபடி. வடகிழக்குப் பருவம் குளத்தை நிறைத்தால் பிசானம். அனுமன் நதி மேக்கரை மலையிலிருந்து இறங்கி, வடகரை, ஆய்க்குடி என்று வந்து சிற்றாற்றோடு சேர்கிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. மேக்கரையில் அடவிநயினார் அணை இருக்கிறது. தென்காசி மாவட்டத்து ஐந்து அணைகளில் அதுதான் உயரம், 132 அடி. ஆனால் வயலுக்குப் போகும் தண்ணீர் அணையிலிருந்து நேராக வயலுக்குப் போவதில்லை. ஆற்றுக்குக் குறுக்கே உள்ள அணைக்கட்டில் திரும்பி, காலில் ஓடி, ஒரு குளத்தில் நின்று, அது மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போய், கடைசிக் குளத்து மடை வழியாகத்தான் வயலைத் தொடும். ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் நேர்த்திக்கடனாக ஆற்றுப் படிக்கட்டைக் கழுவிப் பாயசம் ஊற்றி, குழந்தைகளைக் குடிக்கச் சொல்வார்கள். அந்தப் படியைத் தொட்டு ஓடும் தண்ணீருக்கு அதற்கு மேலே எத்தனை பேரின் கை பட்டிருக்கிறது என்பது, ஷட்டர் சாவி வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் சேர்ந்த காலத்தில் நீர்ப்பாய்ச்சிகள் அங்கங்கே மிச்சமிருந்தார்கள். சில ஊர்களில் மடைக்குடும்பன் என்பார்கள். பெரும்பாலும் தேவேந்திரகுல வேளாளர் குடும்பங்கள். அப்பனுக்குப் பின் மகன். அவர் வேலையைத் துறையின் எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது. கரையில் நண்டு வளையும் எலி வளையும் அடைப்பது, வரத்துக்காலில் அடைத்த செத்தையை இழுத்துப் போடுவது, தண்ணீருக்குள் மூழ்கி மடைக்கட்டையை எடுப்பது, தலைமடைக்காரர் வரப்பை வெட்டிவிடாமல் கடைமடை வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோவது. குளம் பாதிக்குக் கீழே போனால் முறைவைத்து விடுவது. யாருக்கு எத்தனை நாழிகை என்பது அவர் மனக்கணக்கு.

அப்படி ஒரு பெரியவரோடு ஒரு மழைநாள் முழுக்கக் கரையில் நடந்தேன். நான் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். “தம்பி, அதைக் கழத்திப் போட்டுட்டு நடங்க. கரையில எங்க கசியுதுன்னு உள்ளங்காலுக்குத்தான் தெரியும். பூட்சுக்கு என்ன தெரியும்?” என்றார். கழற்றிவிட்டு நடந்தேன். உள்சரிவில் ஈரம் இருப்பது இயல்பு. வெளிச்சரிவில், அதுவும் அடிப்பகுதியில் சொதசொதவென்று இருந்தால்தான் ஆபத்து. வருகிற ஊற்று தெளிவாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, கலங்கலாக வந்தால் கரை மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது. இந்தப் பாடம் பொறியியல் நூல்களிலும் இருக்கிறது. எனக்கு அவர்தான் சொல்லித் தந்தார்.

அவருக்குக் கூலி ஊர் கொடுத்தது. பிசானம் அறுத்ததும் களத்தில், கோட்டை விதைப்பாட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல்லாக அளந்துவிடுவார்கள். அரசு அவருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. அதனாலேயே, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட ஊருக்கு வாய் இருந்தது.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தைப் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குளத்தை ஊரே பழுதுபார்க்கும் குடிமராமத்து என்றதும், ஊர் கூடித் தேர் இழுத்தது போல மேடையில் பேசுகிறார்கள். தேர் இழுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குளத்துக்குக் கீழே அரைக் காணி இருந்தது? நிலம் வைத்திருந்தவர் ஆளை அனுப்பினார், அந்த ஆள் மண் சுமந்தார். மண் சுமந்தவருக்கு மறுகாலைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் உரிமை கிடையாது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது, சோழர் காலத்து ஏரிப்பட்டி மானியம் இருக்கிறது, எல்லாம் சரி. அந்த வாரியத்தில் உட்கார நிலம் வேண்டும், வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது.

அந்தப் பழைய ஏற்பாடும் தானாக ஓடிக்கொண்டிருக்கவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்த் தலைமைக்காரர் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கலாம். வழக்கப்படி செய்ய வேண்டிய குளத்து வேலைக்கு ஆள் தராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். தானாக நடக்கிற காரியத்துக்கு அபராதம் எதற்கு? நடக்காமல் போனதால்தான் சட்டம் போட்டார்கள். தீர்வையை அரசு நேரடியாக வாங்க ஆரம்பித்து, குளத்துக்கென்று ஒதுங்கிய விளைச்சலும் மானியமும் சுருங்கிய பிறகு, உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்டது கம்பெனி. 1883இல் குளச் சீரமைப்புத் திட்டம் என்று மராமத்தை அரசே கையில் எடுத்தது. அன்றிலிருந்து ‘பெரிய வேலை சர்க்காருக்கு, சின்ன வேலை ஊருக்கு’ என்று ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் இன்றுவரை தகராறு.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கையில் மன்னர் காலத்துக் கட்டாய ஊழியமான ராஜகாரியத்தை 1832இல் ஆங்கிலேயர் ஒழித்தார்கள். ஒழித்தது நியாயம். ஆனால் குளம் பார்க்க மாற்று ஏற்பாடு செய்யாமல் விட்டார்கள், வாய்க்கால்கள் தூர்ந்தன. 1856இல் ஹென்றி வார்ட் ஆளுநராக இருந்தபோது, பழைய ஊர்ச் சபை வழக்கங்களுக்கே சட்ட வலு கொடுத்து நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் ஊரில் சட்டம் ஊரிடம் உழைப்பை மட்டும் வாங்கியது; அங்கே தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை.

என் காலத்துக்கு வருகிறேன். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, வழக்கத்தில் பரம்பரையாக இருந்த கர்ணம், மணியம் என்ற கிராம அலுவலர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எந்த மடைக்கு எத்தனை ஏக்கர் புரவு, எந்தக் காலுக்கு எத்தனை நாள் முறை என்ற கணக்கு கர்ணத்தின் கட்டுக்குள் இருந்தது. பல ஊர்களில் அந்தக் கட்டு அவரோடே போய்விட்டது. நான் சேர்ந்தபோது ஒரு குளத்துக்கு வரத்துக்கால் எது என்று கேட்டால், நில அளவை வரைபடத்தில் ஒன்று, துறை வரைபடத்தில் வேறொன்று, நீர்ப்பாய்ச்சி கைகாட்டும் இடம் மூன்றாவது.

பிறகு பணம் வந்தது. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியில் குளங்கள் நவீனமாயின. 1995இல் உலக வங்கி, மறுபடி 2007இல் உலக வங்கி. நடுவே 2000ஆம் ஆண்டு, பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் போட்டார்கள். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்குத் தேர்தல், தலைவர் எல்லாம் வந்தது. ஆந்திரத்தில் 1997இலேயே இதைச் செய்திருந்தார்கள். நானும் தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறேன். நல்ல சட்டம். ஆனால் சங்கத்துக்குக் கட்டடம் கிடைத்தது, பெயர்ப்பலகை கிடைத்தது, சொந்த வருமானம் கிடைக்கவில்லை. திட்டப் பணம் ஓடும் வரை கூட்டம் நடந்தது. திட்டம் முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கினார்கள்.

இந்த வருடங்களில் வேலையைச் செய்தவர் ஒப்பந்தக்காரர். அவரைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபம். நான் அவரோடு பழகியவன், அப்படித் திட்ட மாட்டேன். கல்பாவு, காங்கிரீட் மடை, மறுகால் சுவர், இதெல்லாம் அவரால்தான் ஒழுங்காகக் கட்ட முடியும். நல்ல மேஸ்திரிகளை வைத்து, கண்ணாடி மாதிரி மறுகால் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலை ஒப்படைக்கும் தேதியோடு முடிந்துவிடும், அவ்வளவுதான். குளத்து வேலைக்கு அந்தத் தேதி கிடையாது. மூழ்கித் திறக்கும் மடைக்குப் பதில் இரும்பு ஷட்டர் வந்தபோது நீர்ப்பாய்ச்சியின் மகன் வேறு வேலைக்குப் போனார். ஷட்டருக்கு கிரீஸ் போட ஆள் யார் என்று எந்த எஸ்டிமேட்டிலும் எழுதவில்லை. லஸ்கர் பணியிடம் காலியானால் நிரப்புவதும் இல்லை. சில வருடங்களில் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றது; ஊர்க்காரர் சாக்குமூட்டை போட்டு அடைத்தார்கள்.

2017 மார்ச் 13 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்தை மறுபடி தொடங்கிவைத்தார். முதல் கட்டத்தில் 30 மாவட்டங்களில் 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். 2019–20இல் 1,829 பணிகள், ஏறக்குறைய 500 கோடி. ஒப்பந்தப்புள்ளி கிடையாது, ஆயக்கட்டுக்காரர்கள் சங்கமாகப் பதிவு செய்தால் வேலை அவர்களுக்கே. செலவில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல திட்டத்தை நான் பார்த்ததில்லை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஊரார் கையில் பணம், துறையின் கையில் அளவு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

நடந்ததைச் சொல்கிறேன். 30 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டுக்காரர் பங்கு 3 லட்சம். கார் பொய்த்த வருடத்தில் யாரிடம் 3 லட்சம் இருக்கும்? மண்வெட்டி எடுக்கவும் ஆள் இல்லை, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வயதானவர்கள். அப்போது பொக்லைன் வைத்திருக்கும் ஒருவர் வருவார். “அண்ணாச்சி, பங்குப் பணத்தை நான் கட்டிருதேன். நீங்க யாரும் அலைய வேண்டாம். சங்கத்துக் கணக்குல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, வேலையை நான் பாத்துக்கிடுதேன்” என்பார். அண்ணாச்சி போட்டுவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. பேத்தி கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அவருக்கு ஆயிரம் சோலி. அந்த 3 லட்சம் எங்கிருந்து வந்தது என்று எழுத எம்-புக்கில் இடம் இல்லை. பங்கு கொடுத்தவர்தான் வேலை நடக்கும் இடத்தில் நின்று கேள்வி கேட்பார். இயந்திரக்காரர் அந்தப் பங்கைக் கட்டியபோது, கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அரசு வேலை தனியார் வேலையாகி, அதற்கு மேல் விவசாயி பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒப்பந்தக்காரராக இருந்திருந்தால் குறைந்தபட்சம் வைப்புத்தொகையைப் பிடித்து வைத்திருப்போம், கறுப்புப் பட்டியல் என்று மிரட்டியிருப்போம். சங்கத்தை என்ன செய்ய முடியும்?

ஆனால் சாம்பவர் வடகரைப் பக்கம் ஒரு குளத்தில் இது வேறு மாதிரி நடந்ததையும் பார்த்தேன். அங்கே ஏக்கருக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு வசூல் செய்திருந்தார்கள். குத்தகைக்கு உழுகிறவர்களும் கொடுத்தார்கள், குளத்துக்குக் கீழே கிணறு மட்டும் வைத்திருந்தவர்களும் கொடுத்தார்கள். வேலை நடந்த நாளெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் புளியமரத்தடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து டிப்பர் நடையை எண்ணினார். மறுகால் மட்டத்தில் என்னோடே சண்டைக்கு வந்தார்கள். பழைய மட்டத்தைவிட அரை அடி உயர்த்திக் கட்டச் சொன்னது ஒரு கட்சி. உயர்த்தினால் மேல்கரை வயல் மூழ்கும் என்றது இன்னொரு கட்சி. மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியை வைத்து, எஃப்.டி.எல். எனப்படும் முழுக் கொள்ளளவு மட்டத்தைக் காட்டி, பழைய மட்டத்திலேயே கட்டினோம். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு நாள் வீணானது. துறையில் நான் பார்த்த மிக நல்ல நாட்களில் அது ஒன்று.

வண்டல் விவகாரம் தனியே பேச வேண்டியது. 2017இல் விதியைத் தளர்த்தி, நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2024இல் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே தரும்படி எளிதாக்கினார்கள். இரண்டும் விவசாயிக்கு நல்லவை. வண்டல் போட்ட வயலில் கடலையும் சூரியகாந்தியும் எப்படி நிற்கும் என்று சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஆடி மாதம் போனால் பார்க்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓர் அடி மண் எடுத்தால் ஏறக்குறைய 1,20,000 கனமீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் 14,000 நடைக்கு மேல் போகும். ஓர் ஏக்கர் நஞ்சைக்கு அனுமதித்த 75 கனமீட்டர் ஒன்பது நடைதான். மீதி நடையெல்லாம் யார் வயலுக்குப் போகிறது என்று கேட்க யாருமில்லை என்றால், அது செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவை மேடாக்கவும் போகும்.

எங்கே வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். டிப்பர்காரருக்குச் சாலைக்கு அருகே, கரையை ஒட்டி வெட்டுவது வசதி. அது கரையின் காலை வெட்டுவது. அதைவிட ஒன்று, பல விவசாயிகளே கவனிக்காதது: மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊறும், மாடு குடிக்கும், மீனுக்கு உதவும். பாசனக் கொள்ளளவு கூட வேண்டுமானால் மடை மட்டத்துக்கு மேலே, தொலைவில் உள்கோடியில் மேடேறிக் கிடக்கும் மண்ணை எடுக்க வேண்டும். அங்கே டிப்பர் போகப் பாதை இருக்காது, சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், அங்கிருக்கும் நிலத்தில் யாராவது பயிர் வைத்திருப்பார்கள். அதனால் கரையோரம் பள்ளம் பள்ளமாக வெட்டி, ‘கொள்ளளவு உயர்ந்தது’ என்று கணக்கு எழுதுவார்கள். பள்ளத்தில் விழுந்து செத்தது பிள்ளைகள்.

வரத்துக்காலுக்கோ ஆளே இல்லை. கரையைப் பலப்படுத்தினால் புகைப்படம் எடுக்கலாம். இரண்டு மைல் தள்ளிப் புதருக்குள் கிடக்கும் கால் படத்துக்கு ஆகாது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் நிலத்தின் விலை ஏறியது. நஞ்சையை மனையாக்கும்போது நடுவே ஓடும் காலை ஒரு சிமெண்ட் குழாய்க்குள் அடைத்துவிட்டு மேலே சாலை போட்டால், அங்கீகாரப் படத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். 2007இல் குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறை குளங்களுக்கு மட்டும். ஒன்றியக் குளமும் ஊருணியும் அதற்குள் வராது. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குப் போகிறது என்று 2016இல் நெல்லையே கொந்தளித்தது, வழக்கு மதுரைக் கிளை வரை போனது. அந்தக் கோபம் நியாயமானது. நம் ஊர்க் காலை நம் ஊர்க்காரரே குழாய்க்குள் தள்ளும்போது அதில் நூறில் ஒரு பங்கு கோபம்கூட வரவில்லை.

மீன் குத்தகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மீன்பாசி ஏலம் என்பார்கள். ஏலம் எடுத்தவர், வளர்த்த மீன் மறுகாலில் தாவி ஓடிவிடக் கூடாது என்று வலை கட்டுவார். வெள்ளத்தில் வரும் செத்தையும் ஆகாயத்தாமரையும் வலையில் அடைத்து மறுகால் பாதியாகச் சுருங்கும். தண்ணீர் போக வழியில்லாமல் கரையேறும். வலையை அறு என்றால், “லட்ச ரூபாய் கட்டியிருக்கேன், ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க” என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்குக் குத்தகை விட்ட அலுவலகம் ஒன்று, மறுகாலுக்குப் பொறுப்பான அலுவலகம் வேறு. குத்தகைப் பத்திரத்தில் ‘மறுகாலில் வலை கட்டக் கூடாது, மழைக்காலத்தில் கரைக்குக் காவல் ஆள் போட வேண்டும்’ என்று இரண்டு வரி சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை.

அரசும் இல்லாமல் வியாபாரமும் இல்லாமல் குளத்தைப் பார்க்கிற இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது. அவர்களைப் பற்றி எனக்கு முதலில் சந்தேகம்தான். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் விடியற்காலையில் பைனாகுலரோடு கரையில் நிற்பதைப் பார்த்து, நாரையை எண்ணி நெல் விளையுமா என்று நினைத்திருக்கிறேன். ஆனால் துறையில் எவரும் வருடம் தவறாமல் குளத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்ததில்லை, அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். திருப்புடைமருதூரில் ஊரார் கோயில் மரங்களில் அடையும் பறவைகளைத் தாங்களாகவே காத்துவந்தார்கள். 2005இல் அரசு அந்த இடத்தைக் காப்பகமாக அறிவித்தது. ஊர் முன்னால் போய், அரசாணை பின்னால் வந்த அபூர்வமான இடம் அது.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் குளம் குளமாக உடைந்தது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. நான் ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகியும் போன் வந்தது, போனேன். கரையில் நின்றவர்களைப் பார்த்தேன்: இரண்டு கட்டுமான மேஸ்திரிகள், ஒரு டிராக்டர்காரர், கேரளாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்த பையன்கள், முன்பு குடிமராமத்தில் பங்குப் பணம் கட்டிய அதே பொக்லைன்காரர். அவர் டீசல் கணக்குப் பார்க்காமல் விடியும்வரை மண் அள்ளிப் போட்டார். அதையும் சொல்ல வேண்டும். துறையில் ஓர் உதவிப் பொறியாளர் வந்தார். அவர் பொறுப்பில் இருந்த குளங்களுக்கு அன்று இரவு அவரைப் போல இருபது பேர் வேண்டும். வந்த பையன்களில் ஒருவருக்கும் மடை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நீர்ப்பாய்ச்சியின் பேரன் ஒருவர் வந்து காட்டினார். அவர் தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

அரசு நல்லதா, தனியார் நல்லதா, ஊர்ச் சங்கம் நல்லதா என்று கேட்டால் எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. எல்லை, மட்டம், வரத்துக்கால் மூன்றும் அரசிடம்தான் இருக்க வேண்டும். அதை ஊரிடம் விட்டால் தலைமடைக்காரர் சட்டம். வியாபாரியிடம் விட்டால் மனைப் பிரிவு. சுவரும் ஷட்டரும் ஒப்பந்தக்காரர் கட்டட்டும். ஆனால் தினசரிக் காவல் இந்த இருவராலும் ஆகாது. அதற்குக் குளத்துக்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பாதி அரசு கொடுக்கட்டும், பாதியை ஆயக்கட்டுக்காரர்கள் கொடுக்கட்டும். மீன்பாசி ஏலப் பணம் வேறெங்கோ போகாமல் குளத்துக்கே வந்தால் பல ஊர்களில் அந்தப் பாதிக்கு அதுவே போதும். சாதி பார்த்து ஒரு குடும்பத்தின் தலையில் கட்டாமல், விரும்பி வருகிற ஆணோ பெண்ணோ யாராக இருந்தாலும் எடுக்க வேண்டும். நூறு கோடி, ஐந்நூறு கோடி என்று அறிவிக்கிற திட்டங்களில் இந்தச் சம்பளத்துக்கு ஒரு தலைப்பு நான் கண்டதில்லை.

இதைப் படிக்கிற ஆயக்கட்டுக்காரர்களுக்கு ஒன்று. உங்கள் குளத்தில் அடுத்த முறை வேலை நடந்தால், முடிந்த பிறகு குறை சொல்லாதீர்கள். தொடங்கும் அன்றைக்கே பொறியாளரிடம் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: மடையின் அடிமட்டம், மறுகால் மட்டம், கரையின் மேல்மட்டம். மடைத்தூணில் பெயிண்டால் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட் நகலையும் அளவுப் புத்தக நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.